கரகர சத்தமா? குமுளி மலை ஏறும் முன் காது கொடுங்கள்!

போர்டோ கலவை தயாரித்ததும் பளபளப்பான இரும்புக் கத்தியைச் சிறிது நேரம் அதில் முக்கி எடுத்துப் பார்ப்பது, திராட்சை விவசாயிகளுக்குப் பழகிய வேலை. கத்தியில் செம்பு நிறம் படிந்தால், சுண்ணாம்பு போதவில்லை என்று அர்த்தம். இலை கருகிய பிறகு காரணம் தேடாமல், தெளிப்பதற்கு முன்பே பிழையைக் கண்டுபிடித்துவிடும் சோதனை அது. தோட்டத்து வாசலில் நிற்கும் குட்டி யானைக்கும், வீட்டுக் காருக்கும் அப்படிப்பட்ட சோதனைகள் உண்டு. அவற்றில் பாதிக்குக் காது மட்டுமே போதும்.

தேனி மாவட்டம், ஓடைப்பட்டி விதையில்லாத் திராட்சைக்குப் பேர்போன ஊர். இந்தப் பகுதித் திராட்சைக்குக் கேரளா முக்கியமான சந்தை. சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் தாண்டி லோயர் கேம்ப் வரை சிரமமில்லாத சாலை. அங்கிருந்து குமுளி வரை மலையேற்றம். ஏற்றத்தில் வண்டி திணறினால் ஓரம் கட்டிவிடலாம். குமுளியைத் தாண்டி, குட்டிக்கானத்தில் இருந்து முண்டக்கயம் நோக்கி லோடோடு இறங்கும்போது பிரேக் ஏமாற்றினால் ஓரம் கட்ட இடமே இருக்காது. அதனால், வண்டியில் கரகரவென்று அரைக்கிற சத்தம் கேட்டால், 'இந்த அறுவடை முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிப்போடக் கூடாது. முதலில் அது பிரேக் சத்தமா, இல்லையா என்று தெரிந்தாக வேண்டும்.

எங்கிருந்து சத்தம் வருகிறது என்று தேடுவதைவிட, எப்போது வருகிறது என்று கவனிப்பது சுலபம். ஆள் நடமாட்டம் இல்லாத சமமான சாலையில், ரேடியோவை நிறுத்தி, கண்ணாடியை இறக்கிவிட்டு மெதுவாக ஓட்டிப் பாருங்கள்.

பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் இரும்பும் இரும்பும் உரசுவது போலக் கேட்டால், பேடு தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். பல வண்டிகளின் பேடில் ஒரு சிறிய தகடு இருக்கும். பேடு தேயத் தேய அது டிஸ்க்கில் உரசி 'கிரீச்' என்று கத்தும். அதுதான் முதல் எச்சரிக்கை. அதைக் கண்டுகொள்ளாமல் ஓட்டினால்தான் 'கரகர' வரும். அந்த நிலையில் பேடின் உராயும் பகுதி முழுவதும் தீர்ந்து, பின்னால் உள்ள இரும்புத் தகடு டிஸ்க்கை அறுத்துக்கொண்டிருக்கும். பேடு மாற்றுவதோடு முடிய வேண்டிய செலவு, டிஸ்க்கையும் சேர்த்து மாற்றுகிற செலவாகிவிடும். பணம்கூடப் போகட்டும், மிதித்த இடத்தில் வண்டி நிற்காது.

வீல் டிஸ்க் இடைவெளி வழியாக டார்ச் அடித்தாலே பல வண்டிகளில் பேடு தெரியும். புதிய பேடில் உராயும் பகுதி சுமார் 10 மி.மீ கனம் இருக்கும். 3 மி.மீ-க்கு வந்துவிட்டால் மாற்றிவிட வேண்டும். மாற்றும்போது கழற்றிய பழைய பேடுகளை வாங்கிப் பாருங்கள். உள்பக்கத்துப் பேடு மட்டும் ஒரேயடியாகத் தேய்ந்து, வெளிப்பக்கத்துப் பேடு கனமாகவே இருந்தால், சேறும் துருவும் ஏறி காலிப்பர் பின் இறுகியிருக்கலாம். அதைச் சுத்தம் செய்து சரிசெய்யாமல் புதுப் பேடு போட்டால், அதுவும் சீக்கிரமே தேய்ந்துவிடும். தோட்டத்துச் சேற்றில் இறங்கி ஏறும் வண்டிகளில் இதைக் கட்டாயம் பார்க்கச் சொல்ல வேண்டும். டிஸ்க் இருக்கக்கூடிய குறைந்தபட்ச கனம் பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அளந்து பார்த்தே மாற்றலாமா, வேண்டாமா என்று முடிவு செய்யலாம்.

பயப்படத் தேவையில்லாத சத்தமும் உண்டு. மழையில் நனைந்து இரவு முழுக்க நின்ற வண்டி, காலையில் முதல் நாலைந்து பிரேக்குக்குக் கரகரக்கும். டிஸ்க்கில் படிந்த லேசான துரு அது, தானாகவே போய்விடும். ஜல்லிச் சாலையில் வந்த பிறகு திடீரென, பிரேக் மிதிக்காமலே 'கறக் கறக்' என்று கேட்டால், டிஸ்க்குக்கும் அதன் பின்னால் இருக்கும் தகட்டுக்கும் நடுவே பொடிக்கல் சிக்கியிருக்கலாம். சில அடி முன்னும் பின்னும் நகர்த்தினாலே பல நேரங்களில் விழுந்துவிடும்.

வேகம் கூடக்கூட 'ஊம்' என்று உறுமல் கூடினால் வீல் பேரிங்கைச் சந்தேகப்படலாம். வலதுபக்கம் திருப்பும்போது சத்தம் அதிகமானால், பெரும்பாலும் இடதுபக்க பேரிங்தான் குற்றவாளி. திரும்பும்போது பாரம் அந்தப் பக்கம் சாய்வதுதான் காரணம். மற்ற சக்கரங்களுக்குக் கல் அண்டை கொடுத்து, ஜாக்கி போட்டு, ஸ்டாண்டு வைத்த பிறகு, டயரின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் கண்டாலோ, சுற்றும்போது கொரகொரத்தாலோ, தாமதிக்காமல் மாற்ற வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் கை, தலையை நுழைக்கவே கூடாது.

நின்ற வண்டியில் கிளட்சை மிதித்தால் சத்தம் வருகிறது, விட்டால் நிற்கிறது என்றால் ரிலீஸ் பேரிங். நியூட்ரலில் வரும் சத்தம் கிளட்சை மிதித்ததும் நின்றால், கியர் பாக்ஸ் பேரிங். முன்சக்கரம் இழுக்கும் கார்களில், முழுக்க ஒடித்துத் திருப்பும்போது 'டக் டக்' என்றால் ஆக்சில் ஜாயின்ட். அதை மூடியிருக்கும் ரப்பர் கிழிந்து கிரீஸ் சிதறியிருக்கிறதா என்று பாருங்கள்.

மலைப்பாதையில் இறங்கும்போது, ஏறுவதற்கு எந்த கியர் தேவைப்படுமோ அதே கியரில் இறங்க வேண்டும். டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டிவிடும் பழக்கத்தைப் போல ஆபத்தானது வேறில்லை. கருகல் வாடை வந்தாலோ, பெடல் பஞ்சு போல அமுங்கினாலோ, பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி ஆறவிடுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் கோணிவிடும், விரிசல்கூட விழலாம். பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சக்கூடியது. டாட்-3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் அந்த அளவு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். கொதித்த ஆயிலில் குமிழி கிளம்பினால் பெடல் தரை வரை போகும். பொதுவாக 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றச் சொல்வது இதனால்தான்.

பேடை இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். மாற்றிய உடனே முதல் மிதிக்குப் பெடல் அடிவரை இறங்கும். ஒர்க்‌ஷாப் வாசலிலேயே, வண்டியை நகர்த்தும் முன், பெடல் கெட்டிப்படும் வரை பலமுறை மிதியுங்கள். அதன்பிறகு ஆளில்லாத சமதளச் சாலையில் மெதுவாக ஓட்டி, பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டு லோடு ஏற்றலாம்.