கைப்பிடி பொய் சொல்லக் கூடாது

புனே நகரின் கிழக்கு ஓரத்தில், நகர் சாலைக்கும் முளா-முட்டா ஆற்றுக்கும் நடுவே கிடக்கும் கராடியில் கண்ணாடிக் கட்டடங்களுக்குப் பஞ்சமில்லை. இயான் ஐ.டி. பார்க், வேர்ல்டு டிரேட் சென்டர், ஜென்சார் நிறுவனத்தின் வளாகம் என அண்ணாந்து பார்க்க வேண்டியவை நிறைய உண்டு. அவற்றையெல்லாம் இயக்குகிற இடத்தை மட்டும் யாரும் போய்ப் பார்ப்பதில்லை. அது பெரும்பாலும் தரைத்தளத்திலோ அதற்கும் கீழேயோ இருக்கும் பேனல் ரூம்.

உள்ளே ஆள் உயர இரும்பு அலமாரிகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு கதவிலும் கறுப்பாகவோ, மஞ்சள் தட்டின் மேல் சிவப்பாகவோ ஒரு கைப்பிடி. சில கதவுகளைத் திறந்தால் ஒரே கைப்பிடிக்குப் பின்னால் இரண்டு, மூன்று பெரிய சுவிட்சுகள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். பக்கவாட்டில் செங்குத்தாக ஓர் இரும்புக் கம்பி. அதிலிருந்து ஒவ்வொரு சுவிட்சுக்கும் ஒரு நெம்புகோல். கைப்பிடியைத் திருப்பினால் கம்பி மேலேறும், நெம்புகோல்கள் சுழலும், அடுக்கில் உள்ள அத்தனை சுவிட்சும் ஒரே நேரத்தில் மூடும் அல்லது திறக்கும்.

அடுக்குவதற்குக் காரணம் இடம்தான். சதுர அடிக்கு வாடகை எண்ணுகிற ஊரில் சுவிட்சுகளைப் பக்கவாட்டில் பரப்பி வைக்க எந்தக் கட்டட உரிமையாளரும் சம்மதிக்க மாட்டார். உயரமோ இலவசம். முழுக்க இலவசமும் இல்லை: கீழே இருக்கும் சுவிட்சின் சூடு மேலே ஏறுவதால், மேல் தட்டில் இருப்பது எப்போதும் கூடுதல் சூட்டில் வேலை செய்யும். அதற்கேற்ப அதன் தாங்கு திறனைக் குறைத்துத்தான் கணக்கிட வேண்டும். இத்தகைய கணக்குகளைப் போடுகிற பொறியாளர்களும் கராடிக்கு அந்நியர் அல்ல. ஈட்டன் போன்ற பன்னாட்டு மின்சாதன நிறுவனங்களின் வடிவமைப்பு வேலை நடப்பதும் இந்தப் பகுதியில்தான்.

சரி, ஏன் எல்லாம் சேர்ந்தே இயங்க வேண்டும்? தமிழ்நாட்டில் கிணற்று மோட்டார் வைத்திருக்கும் எந்த விவசாயியைக் கேட்டாலும் பதில் கிடைக்கும். மூணு பேஸில் ஒன்று போனால், ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் நிற்பதில்லை. மிச்சமிருக்கும் இரண்டிலிருந்து ஏறத்தாழ 1.7 மடங்கு மின்னோட்டத்தை இழுத்துக்கொண்டு முனகியபடி ஓடும். கொஞ்ச நேரத்தில் காயில் கருகிவிடும். அப்புறம் மோட்டாரைக் கழற்றி, டவுனில் காயில் கட்டக் கொடுத்துவிட்டு, வயல் காய்வதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஃபியூஸ் போய்ப் பேஸ் போவது ஒரு வகை. மெயின் சுவிட்சின் மூன்று செம்புக் கத்திகளில் ஒன்று மட்டும் சரியாகக் கவ்வாமல் நிற்பது இன்னொரு வகை. மோட்டார் ரூமில் இருக்கும் பழைய இரும்புப் பெட்டி ட்ரிபிள் போல் சுவிட்சில், மூன்று கத்திகளையும் மின்சாரம் கடத்தாத ஒரே கட்டையில் பூட்டியிருப்பது இதற்காகத்தான். அந்தக் கட்டை வெடித்தாலோ, ஒரு திருகு தளர்ந்தாலோ, கைப்பிடி என்னவோ ‘ஆன்’ என்றே காட்டும். மோட்டாருக்குத்தான் உண்மை தெரியும்.

நியூட்ரலையும் சேர்த்து நான்கு கம்பிகளைத் துண்டிக்கும் சுவிட்சுகளில் இன்னொரு சிக்கல். அங்கே நான்கும் சேர்ந்து அசைய வேண்டும், ஆனால் நியூட்ரல் மட்டும் ஒரு மயிரிழை முந்திச் சேர்ந்து, ஒரு மயிரிழை பிந்திப் பிரிய வேண்டும். பேஸ்கள் மூடியிருக்கும்போது நியூட்ரல் மட்டும் விட்டுப்போனால், 230 வோல்ட்டுக்கென்று செய்த டிவியின் மேலும் ஃபிரிட்ஜின் மேலும் 400 வோல்ட் வரை ஏறக்கூடும். தெருவில் நியூட்ரல் அறுந்த அன்று நாலைந்து வீட்டில் ஒரே நேரத்தில் சாதனங்கள் புகைந்ததை அனுபவித்த ஊர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆகவே இணைப்பு அமைப்பு என்பது வெறுமனே கட்டிப் போடுவது அல்ல; யார் முதலில், யார் கடைசியில் என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது.

சேர்த்து இயக்க மிக எளிய வழி, எல்லாவற்றையும் ஒரே தண்டில் கோப்பது. இதைக் காணப் புனே வரை போக வேண்டாம். கோவைக்கு வடக்கே சாமிச்செட்டிபாளையத்தில் இயங்கும் சால்சர் எலக்ட்ரானிக்ஸ் 1985இல் தொடங்கப்பட்ட நிறுவனம். ரோட்டரி சுவிட்ச் என்றால் இத்துறையினர் வாயில் முதலில் வருகிற பெயர்களில் ஒன்று. பேனல்களில் மூன்று பேஸின் வோல்ட்டேஜையும் மாற்றி மாற்றிக் காட்டும் குமிழ் இந்த வகைதான். ஒரு சதுரத் தண்டு. அதில் வில்லை வில்லையாகச் செருகிய சுவிட்ச் அறைகள். ஒவ்வோர் அறையிலும் மேடுபள்ளம் வெட்டிய ஒரு கேம் சக்கரம். தண்டு சுழலும்போது மேடு வந்தால் தொடர்பு பிரியும், பள்ளம் வந்தால் சேரும். எத்தனை சுற்று தேவையோ அத்தனை வில்லை. எது எப்போது சேர வேண்டும் என்பதைக் கேமின் வடிவமே சொல்லிவிடும். நியூட்ரலை முந்த வைக்க வேண்டுமா, அதன் பள்ளத்தைக் கொஞ்சம் அகலமாக்கினால் போதும்.

சில பத்து ஆம்பியர் வரை இது அழகான ஏற்பாடு. ஆயிரம் ஆம்பியரைத் தாண்டும் சுவிட்சுகளை அடுக்கும்போதுதான் இரும்பு தன் குணத்தைக் காட்டத் தொடங்குகிறது.

தண்டு முறுக்கிக்கொள்ளும். நீளம் கூடக் கூட முறுக்கும் கூடும். கைப்பிடிக்கு அருகில் இருக்கும் சுவிட்ச் திரும்பி முடித்த பிறகும், கடைக்கோடியில் இருப்பது இரண்டு மூன்று பாகை பின்தங்கி நிற்கும். தண்டைத் தடியாக்கலாம், விட்டத்தை இருமடங்காக்கினால் முறுக்கு பதினாறில் ஒரு பங்காகக் குறையும். ஆனால் எடையும் ஏறும், அதைத் திருப்புகிற கையும் வலிக்கும். அதனால் கம்பியும் நெம்புகோலும் கொண்ட அமைப்புக்கு மாறுகிறார்கள். இழுவிசையில் இரும்பு மிகக் கொஞ்சமே நீளும் என்பதால் கம்பி நம்பகமானது. தொல்லை மூட்டுகளில் இருக்கிறது. ஓர் ஆணிக்கும் அதன் துளைக்கும் நடுவே 0.2 மில்லிமீட்டர் தளர்வு என்று வைத்துக்கொண்டால், ஆறு மூட்டு தாண்டியதும் அது ஒரு மில்லிமீட்டருக்கு மேல் போய்விடும். புதிதாக இருக்கும்போதே இந்தக் கதி. பத்து வருடம் தேய்ந்த பிறகு கேட்கவே வேண்டாம்.

இந்தத் தேய்மானத்தை வெல்லப் பொறியாளர்கள் சில தந்திரங்கள் வைத்திருக்கிறார்கள். இயக்கும் பொறியை அடுக்கின் நுனியில் வைக்காமல் நடுவில் வைத்தால், பின்தங்கும் தூரம் பாதியாகும். கம்பியில் இடம்புரி, வலம்புரி மரை வெட்டிய திருகு ஒன்றை வைத்தால், பொருத்திய இடத்திலேயே நீளத்தைச் சரிசெய்யலாம். தொடர்பு முனைகளுக்குப் பின்னால் ஸ்பிரிங் வைத்தால், முந்தி வந்தது சற்று அழுந்திக் காத்திருக்க, பிந்தி வருவதும் முழுதாகச் சேரும்.

எல்லாவற்றிலும் பழையதும் மேலானதுமான தந்திரம் வேகத்தைக் கையிடம் விடாதிருப்பது. இங்கிலாந்தின் நியூகாஸில் நகரில் ஜான் ஹென்றி ஹோம்ஸ் 1884இல் உருவாக்கிய சுவிட்ச், ஸ்பிரிங்கின் உந்துதலால் தொடர்பைச் சட்டெனப் பிரித்தது. மெதுவாகப் பிரித்தால் இடைவெளியில் தீப்பொறி வில்லாக எரிந்து முனைகளைத் தின்னும் என்பதற்கான தீர்வு அது. வீட்டுச் சுவர் சுவிட்சில் ‘டக்’ என்று கேட்பது அந்தக் கண்டுபிடிப்பின் வாரிசு. அடுக்குச் சுவிட்சிலும் கை ஸ்பிரிங்கை ஏற்றி மட்டும் விடுகிறது. நடுப்புள்ளியைத் தாண்டியதும் ஸ்பிரிங் பாய்ந்து மொத்த அடுக்கையும் ஒரே வீச்சில் தள்ளுகிறது. இயக்குபவர் தயங்கினாலும் சுவிட்ச் தயங்காது.

சூரிய மின்சாரம் வந்த பிறகு இந்தச் சேர்ந்தியங்கும் கட்டாயம் இன்னும் கடுமையாகியிருக்கிறது. நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொட்டுத் திரும்புவதால், தீப்பொறி தானே அணைய வாய்ப்பு கிடைக்கிறது. ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016இல் இயங்கத் தொடங்கிய 648 மெகாவாட் நிலையம் போன்ற இடங்களில் சூரியப் பலகைகளிலிருந்து இறங்குவது நேர்மின்னோட்டம். அதற்குப் பூஜ்யமே கிடையாது; பற்றிய வில் எரிந்துகொண்டே இருக்கும். ஆகவே ஒரே கம்பியை இரண்டு, நான்கு இடங்களில் தொடராகத் துண்டிக்கிறார்கள். மொத்த வோல்ட்டேஜும் அத்தனை இடைவெளிகளுக்கும் பங்கிடப்பட வேண்டும். ஓர் இடைவெளி முந்தித் திறந்தால் முழு வோல்ட்டேஜும் அதன் தலையில் விழும். மாடியில் சோலார் வைத்திருக்கும் வீடுகளில் சுவரில் தெரியும் சிறு டி.சி. ஐசொலேட்டரின் உள்ளேயும் இதே அடுக்குதான் இருக்கிறது.

இனி முக்கியமான விஷயம். இந்தக் கம்பி, நெம்புகோல், ஆணி எல்லாவற்றுக்கும் சுவிட்சை இயக்குவது பாதி வேலை. மீதிப் பாதி, கைப்பிடி காட்டும் நிலை உண்மையாக இருக்கும்படி பார்த்துக்கொள்வது. அதிக மின்னோட்டத்தில் செம்பு முனைகள் சில வேளை உருகி ஒன்றோடொன்று ஒட்டிவிடும். அந்த நிலையில் ஒருவர் கைப்பிடியை ஓங்கி இழுக்கிறார். இணைப்பு வலுவற்றதாக இருந்தால் கம்பி வளைந்துகொடுக்கும், கைப்பிடி ‘ஆஃப்’ பக்கம் போய் நிற்கும், அவர் பூட்டைப் போட்டுவிட்டு உள்ளே கைவிடுவார்.

ஐ.இ.சி. 60947 என்ற பன்னாட்டுத் தரநிலை இதற்காகவே ஒரு சோதனை வைத்திருக்கிறது. முதலில் சாதாரணமாகச் சுவிட்சைத் திறக்க எவ்வளவு விசை தேவை என்று அளக்கிறார்கள். பிறகு தொடர்பு முனைகளை வேண்டுமென்றே அசையாதபடி பிணைத்துவிட்டு, அந்த விசையின் மூன்று மடங்கைக் கைப்பிடியில் 10 விநாடி செலுத்துகிறார்கள். அப்போது கைப்பிடி ‘ஆஃப்’ என்று காட்டிவிடக் கூடாது. ‘ஆஃப்’ நிலையில் பூட்டு போடவும் இடம் தரக் கூடாது. ஒற்றைச் சுவிட்சுக்கு இது எளிது. மூன்று அடுக்கில் மேல் தட்டின் ஒரே ஒரு முனை மட்டும் ஒட்டிக்கொண்டால், அந்தச் செய்தி அத்தனை மூட்டையும் கடந்து கீழே இருக்கும் கைப்பிடிக்கு வந்து சேர வேண்டும். அடுக்குச் சுவிட்சின் இணைப்பை வடிவமைப்பவருக்குத் தூக்கம் கெடுவது இங்கேதான். பார்ப்பவருக்குத் தேவைக்கு மேல் தடிமனாகத் தோன்றும் நெம்புகோல்களுக்கு இதுவே காரணம். விலை குறைந்த போலிச் சரக்கில் முதலில் மெலிவதும் அந்த நெம்புகோல்களே.

சேர்ந்து இயங்கும் இணைப்புக்கு ஒரு சகோதரன் உண்டு: ஒருபோதும் சேரவிடாத இணைப்பு. கராடிக் கட்டடங்களில் மின்வாரிய மின்சாரம் போனதும் டீசல் ஜெனரேட்டர் பொறுப்பேற்கும். இரண்டும் ஒரே நேரத்தில் பொது மின்பட்டையான பஸ்பாரைத் தொட்டால் ஜெனரேட்டர் நாசமாகும். அதைவிட மோசமாக, அதன் மின்சாரம் பின்வாசல் வழியாக லைனில் ஏறி, கரண்ட் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் வேலை செய்பவரைத் தாக்கும். இதைத் தடுக்க இரண்டு சுவிட்சுகளுக்கு நடுவே அச்சில் ஆடும் ஒரு சட்டத்தை வைப்பதுண்டு. கிணற்று ஏற்ற மரம் போல ஒரு முனை எழுந்தால் மறுமுனை தாழும். தாழ்ந்த முனை எதிர்ச் சுவிட்சின் வழியை மறித்து நிற்கும். மென்பொருளும் சென்சாரும் மலிந்த காலத்திலும் இந்த இரும்புச் சட்டத்தை யாரும் கைவிடவில்லை, கைவிடவும் கூடாது. நிரல் தவறலாம், வழியில் நிற்கும் இரும்பு விலகாது. இந்த எண்ணத்தின் மூலம் ரயில்வே. கைகாட்டியும் தண்டவாள முள்ளும் முரண்படாதபடி நெம்புகோல்களை ஒன்றோடொன்று பிணைக்கும் அமைப்புக்கு ஜான் சாக்ஸ்பி 1856இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார்.

400 கிலோவோல்ட் துணைமின் நிலையங்களுக்குப் போனால் காட்சி மாறுகிறது. மூன்று பேஸின் பிரேக்கர்களும் தனித்தனித் தூண்களாக மீட்டர் கணக்கில் தள்ளி நிற்கும். பெரும்பாலும் அவற்றை இணைக்கும் கம்பி இருக்காது; ஒவ்வொன்றுக்கும் தனிப் பொறி. இடி விழுந்த ஒரு பேஸை மட்டும் கணநேரம் துண்டித்து மீண்டும் சேர்க்க அந்தத் தனிமை உதவுகிறது. ஆனால் மூன்றும் சேர்ந்து திறக்க வேண்டிய வேளையில், அவற்றுக்கிடையே மின்சாரத்தின் ஓர் அலைச்சுற்றின் ஆறில் ஒரு பங்குக்கு மேல், அதாவது 3.3 மில்லி விநாடிக்கு மேல் வித்தியாசம் கூடாது என்கிறது உயர் அழுத்த பிரேக்கர்களுக்கான தரநிலை. மூடும்போது 5 மில்லி விநாடி வரை பொறுத்துக்கொள்ளும். ஒரு தூண் மட்டும் மாறி நின்றுவிட்டால், அதைக் கண்டறிந்து மூன்றையும் திறக்கத் தனி ரிலே காவல் இருக்கும். கம்பி செய்ய வேண்டியதை அங்கே மின்சுற்று செய்கிறது.

தெருவோரத்திலோ கம்பிக்கு மாற்று வரவில்லை. ஊர்ப்புறங்களில் டிரான்ஸ்பார்மருக்கு மேலே தெரியும் ஏ.பி. (ஏர் பிரேக்) சுவிட்ச், இந்த இனத்தில் எல்லோர் கண்ணிலும் படுவது. 11 கிலோவோல்ட் கம்பிகளுக்கு மூன்று கத்திகள், அவற்றைப் பிணைக்கும் குறுக்குக் குழாய், அங்கிருந்து கீழே இறங்கும் நீள் குழாய், கைக்கெட்டும் உயரத்தில் பூட்டுடன் ஒரு கைப்பிடி. வெயிலிலும் மழையிலும் துருவேறி மூட்டுகள் இறுகும். கைப்பிடி இறங்கிவிட்டது, இரண்டு கத்தி திறந்துவிட்டது, மூன்றாவது மட்டும் ஒட்டியபடி நிற்கிறது என்பது லைன்மேன்களுக்குப் பழக்கமான ஆபத்து. இங்கே மூன்று மடங்கு விசைச் சோதனையை நம்பி யாரும் கம்பம் ஏறுவதில்லை. முறையாக எல்.சி. (லைன் கிளியர்) வாங்கி, கைப்பிடியை இறக்கிப் பூட்டி, மூன்று கத்தியும் முழுதாகத் திறந்திருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்து, மின்சாரம் இல்லை என்று சோதித்து, மூன்று பேஸையும் எர்த் ராடால் தரையோடு சேர்த்த பிறகே ஏற வேண்டும் என்பது விதி. பராமரிப்பு நாளில் அந்தச் சுவிட்சுக்குச் செய்ய வேண்டியவையும் அதிகமில்லை: மூட்டுகளுக்குக் கிரீஸ், கத்திகளின் நேர்வரிசைச் சரிபார்ப்பு, குழாயின் நீளத் திருகில் ஓரிரு சுற்று, கைப்பிடியின் எர்த் கம்பி அறாமல் இருக்கிறதா என்று ஒரு பார்வை.