கட்டை அடுக்கிய சிறுவரும் கைகொடுத்த யந்திரமும்

யந்திரங்களின் வரலாற்றைக் கூறப் புகுவோர் நீராவி யந்திரத்தையும், அச்சு யந்திரத்தையும், ஆகாய விமானத்தையுமே பெரிதும் பாராட்டிப் பேசுவர். விளையாட்டு மண்டபத்தின் பின்புறத்திலே, எவர் கண்ணிலும் படாது நின்று தொழில் புரியும் யந்திரத்தை நினைப்பவர் மிகச் சிலரே. ஆயினும், அவ்யந்திரம் எத்தனையோ ஏழைச் சிறுவரின் வாழ்வோடு தொடர்புடையது. அதன் கதையைச் சிறிது நோக்குவோமாக.

'போலிங்' என்றதும் நம்மவர்க்குக் கிரிக்கெட் பந்துவீச்சே நினைவுக்கு வரும். அமெரிக்க மக்கள் அப்பெயரால் வழங்கும் ஆட்டம் வேறொன்று. வழவழப்பான மரத்தளமொன்றிலே, எல்லைக் கோட்டிலிருந்து 60 அடி தூரத்தில், பத்து மரக்கட்டைகள் முக்கோண வடிவிலே நிறுத்தப்பட்டிருக்கும். போத்தலைப் போன்ற உருவமுடைய ஒவ்வொரு கட்டையும் 15 அங்குல உயரமும், ஏறக்குறைய மூன்றரை இறாத்தல் நிறையும் உடையது. 16 இறாத்தலுக்கு மேற்படாத பந்தை உருட்டி அவற்றை வீழ்த்துதல் வேண்டும். ஒரு முறைக்கு இரண்டு பந்துகள். முதற் பந்திலேயே பத்தும் வீழ்ந்துவிடின் அது 'ஸ்ட்ரைக்' எனப்படும்.

வீழ்த்துதல் ஆடுபவர்க்கு இன்பம். ஆனால், வீழ்ந்தவற்றைத் திரும்ப எடுத்து நிறுத்துபவர் யார்?

நள்ளிரவிலும் ஓயாத கைகள்

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இவ்வேலையைப் பெரும்பாலும் சிறுவர்களே செய்து வந்தனர். தளத்தின் முடிவில் உள்ள பள்ளத்தின் மேலே, ஒரு திண்ணையில் கால்களைத் தூக்கிக்கொண்டு சிறுவன் குந்தியிருப்பான். பந்து இடிபோல வந்து மோதும்; கட்டைகள் நாற்புறமும் சிதறிப் பறக்கும். உடனே அவன் கீழே குதித்துப் பந்தைத் தூக்கிச் சரிவான தண்டவாளத்தில் உருட்டிவிட்டு, வீழ்ந்த கட்டைகளை அகற்றவேண்டும். அடுத்த பந்து வருமுன் திண்ணைக்கு மீளாவிடில் காயம் நிச்சயம்.

லூயிஸ் ஹைன் என்னும் புகைப்படக் கலைஞர், அமெரிக்கத் தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவின் சார்பில் ஊரூராகச் சென்று, வேலை செய்யும் சிறுவர்களைப் படம் பிடித்தார். 1910ஆம் ஆண்டிலே புறூக்லினில் உள்ள மண்டபம் ஒன்றில் அவர் எடுத்த படம், இரவு ஒரு மணிக்கும் வேலையில் நின்ற சிறுவர்களைக் காட்டுகின்றது. அவர்களிலும் சிறியோரான மூவரை முதலாளி படத்துக்கு வெளியே நிறுத்திவிட்டார் என்று ஹைன் குறித்து வைத்தார். படத்தில் இருப்போரைக் காட்டிலும் இல்லாத அம்மூவருமே நம் நெஞ்சை வருத்துகின்றனர்.

வேலையை எளிதாக்கச் சில உபாயங்கள் தோன்றாமலில்லை. பத்துக் குழிகள் கொண்ட ஒரு சட்டத்திலே கட்டைகளை இட்டு, நெம்புகோலை இழுத்ததும் அவை ஒருங்கே தளத்தில் இறங்கும் அமைப்பு அவற்றுள் ஒன்று. ஆயினும், கட்டைகளைப் பொறுக்கிக் குழியில் இடுவதற்குச் சிறுவனின் கையே வேண்டியிருந்தது.

உறிஞ்சித் தூக்கிய உபாயம்

நியூயோர்க் மாநிலத்தில் பேர்ள் ரிவர் என்றோர் ஊர் உண்டு. தாள் மடித்தல், நூற்கட்டு ஆகிய தொழில்களுக்குரிய யந்திரங்கள் அங்கே செய்யப்பட்டன. அத்துறையில் அனுபவமுள்ள கொட்பிரீட் ஷிமிட் என்பார், 1936ஆம் ஆண்டளவில் தாமே கட்டைகளை எடுத்து நிறுத்தும் யந்திரமொன்றை உருவாக்க முற்பட்டார். மெல்லிய தாளைக் காற்றினால் உறிஞ்சித் தூக்குவது அச்சுத் துறையில் வழக்கம். அவ்வாறே கட்டையையும் உறிஞ்சித் தூக்கலாம் என்பதே அவருடைய யந்திரத்தின் அடிப்படை.

சிகரெட் செய்யும் யந்திரங்களால் பெயர்பெற்ற ஏ.எம்.எப். நிறுவனம் அவருடைய உரிமைகளை வாங்கியது. இரண்டாவது உலக யுத்தம் முயற்சியைத் தாமதப்படுத்தியது. 1946இல் பவலோ நகரில் யந்திரம் பொதுமக்கள் முன் காட்டப்பட்டபோது யாவரும் வியந்தனர். எனினும், குறைகளைக் களைந்து மண்டபங்களில் நிலையாகப் பொருத்துவதற்கு 1950களின் தொடக்கம் வரை காத்திருக்க நேர்ந்தது. அந்தப் பத்தாண்டின் நடுப்பகுதியில் பிரன்ஸ்விக் என்னும் பழம்பெரும் நிறுவனமும் தன் யந்திரத்துடன் போட்டியில் இறங்கியது.

யந்திரம் இயங்கும் விதம்

மாணவர்கள் சிறப்பாகக் கவனிக்கவேண்டிய பகுதி இதுவே. முதற் பந்து உருண்டு சென்றதும், தடுப்புச் சட்டமொன்று தளத்தின் குறுக்கே இறங்கும். மேலிருந்து ஒரு தட்டு தாழ்ந்து, நிற்கும் கட்டைகளைக் கழுத்தில் பற்றி உயர்த்தும். சட்டம் வீழ்ந்தவற்றைப் பின்னே துடைத்துத் தள்ளும். பின்னர், உயர்த்திய கட்டைகளைத் தட்டு அவை நின்ற இடத்திலேயே இறக்கி வைக்கும். ஒரு கட்டை சற்று விலகி நின்றிருந்தாலும் அதே விலகலுடனேயே வைக்கப்படும். ஆட்டத்தின் நீதி அதனால் காக்கப்படுகின்றது.

பின்னே தள்ளப்பட்ட கட்டைகளை ஓடும் பட்டை ஒன்று கொண்டு செல்ல, உயர்த்தி அவற்றை மேலே ஏற்றும். கட்டையின் அடிப்பாகம் கனமானது. ஆதலின் அதனை அடி முன்னாகச் சரியச் செய்து, பத்து இடங்களுக்கும் பகிர்ந்தளித்தல் இயலும். ஒரு தொகுதி தளத்தில் நிற்கும்போதே மறு தொகுதி மேலே ஆயத்தமாகும். பந்தும் தனியே தூக்கப்பட்டு, தண்டவாள வழியே ஆடுபவரிடம் மீளும்.

பின் விளைவுகள்

யந்திரம் வந்தபின் மண்டப உரிமையாளர் ஆள் தேடி அலையவேண்டியதில்லை. ஏ.எம்.எப். தன் யந்திரங்களை வாடகைக்குக் கொடுத்தபடியால் பெருமுதலும் வேண்டப்படவில்லை. 1950களின் பிற்பகுதியில் புதிய மண்டபங்கள் எங்கும் எழுந்தன. குடும்பங்கள் அங்கே கூடின.

காலப்போக்கில் யந்திரமும் மாறி வருகின்றது. கட்டைகளின் தலையில் கயிறு பிணைத்து மேலே இழுக்கும் முறை ஐரோப்பாவில் நெடுங்காலமாக வழங்கியது. பாகங்கள் குறைந்தமையால் செலவும் பழுதும் குறைவு. 2023இல் அமெரிக்கப் போலிங் பேரவை அதனையும் தனிப் பிரிவாக அங்கீகரித்தது. கயிறு கட்டைகளின் வீழ்ச்சியைச் சிறிது மாற்றுவதால், பழைய ஆட்டக்காரர் பலர் அதனை விரும்பவில்லை.

யந்திரம் மனிதனின் பிழைப்பைப் பறிக்கின்றது என்ற குறை இன்றும் கேட்கின்றது. கட்டை அடுக்கிக் கிடைத்த சில்லறையைத் தாயிடம் கொடுத்த சிறுவனுக்கு அவ்யந்திரம் நட்டத்தையே தந்திருக்கும். அதனை மறைத்தல் நேர்மையன்று. ஆனால், இரவு ஒரு மணிக்கு ஒரு பாலகன் இருக்கவேண்டிய இடம் படுக்கையேயன்றிப் பள்ளமன்று. அவ்வேலை யந்திரத்தின் கைக்குப் போனதில் நமக்கு வருத்தம் வேண்டியதில்லை.