சூட்சுமம் சுண்ணாம்பில் இருக்கு! குவாத்தமாலா வீடுகளில் அவியும் ‘தமால்’

மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலாவில் சனிக்கிழமை மாலைகளில், சில வீட்டு வாசல்களில் சிவப்பு பல்பு எரியும். பெயர்ப்பலகை கிடையாது, விலைப்பட்டியல் கிடையாது. ‘இந்த வீட்டில் இன்று தமால் கிடைக்கும்’ என்பதற்கு அந்த விளக்குதான் அடையாளம். அக்கம்பக்கத்தினர் பாத்திரத்தோடு வந்து, சுடச்சுட இலைப் பொட்டலங்களை வாங்கிப் போவார்கள்.

மக்காச்சோள மாவுக்குள் கறித்துண்டும் குழம்பும் வைத்து, இலையில் மடித்து, ஆவியில் வேகவைப்பதுதான் தமால். மெக்சிகோவில் பெரும்பாலும் சோளக்கதிரின் மேலுறையில் மடிப்பார்கள். குவாத்தமாலா முதல் பனாமா வரை வாழையிலை போன்ற அகன்ற இலைகளே அதிகம். நிகரகுவாவில் இதன் பெரிய வடிவமான ‘நகதமால்’ ஞாயிற்றுக்கிழமை காலை உணவு. காபி, ரொட்டியோடு சாப்பிடுவார்கள். கோஸ்டா ரிகாவில் டிசம்பர் வந்தால் இரண்டிரண்டாகச் சேர்த்துக் கட்டிய தமால்கள் வீட்டுக்கு வீடு பரிமாறப்படும். குவாத்தமாலாவின் கெட்சால்டெனாங்கோ பகுதியில் சோளத்துக்குப் பதில் உருளைக்கிழங்கில் செய்யும் ‘பாச்சே’ பிரபலம். அதற்கு வியாழக்கிழமை என்று நாளே ஒதுக்கியிருக்கிறார்கள்.

சோளத்தால் ஆன மனிதர்கள்

கீச்சே மாயா மக்களின் புனித நூலான ‘போபோல் வூ’, கடவுளர்கள் முதலில் களிமண்ணாலும் பிறகு மரத்தாலும் மனிதர்களைச் செய்து பார்த்துத் தோற்றதாகவும், கடைசியில் மக்காச்சோள மாவால் செய்தபோதுதான் மனிதன் உருவானதாகவும் சொல்கிறது. குவாத்தமாலா காட்டுக்குள் சான் பார்தோலோ என்ற இடத்தில் 2001-ல் கண்டுபிடிக்கப்பட்ட மாயா சுவரோவியத்தில், ஒரு பெண் தமால் நிறைந்த கூடையை ஏந்தியிருக்கிறாள். அந்த ஓவியத்தின் வயது 2,000 ஆண்டுகளுக்கும் மேல்.

இவ்வளவு பழைய உணவின் உயிர்நாடி குழம்பிலோ கறியிலோ இல்லை. மாவு அரைப்பதற்கு முன், முந்தைய நாள் இரவே நடக்கும் ஒரு வேலையில் இருக்கிறது. காய்ந்த சோளத்தைச் சுண்ணாம்பு கலந்த தண்ணீரில் வேகவைத்து ஊறவைப்பதுதான் அது.

விட்டுப்போன ஒரு பிடி சுண்ணாம்பு

சுண்ணாம்பு நீரில் வெந்த சோளத்தின் கெட்டியான தோல் கழன்று வந்துவிடும். அரைத்தால் மாவு ஒட்டும் பதத்தில் திரளும். வெறும் தண்ணீரில் ஊறிய சோளம் இப்படித் திரளாது. கண்ணுக்குத் தெரியாத இன்னொரு மாற்றமும் நடக்கிறது. சோளத்தில் நம் உடல் எடுத்துக்கொள்ள முடியாதபடி பூட்டிக்கிடக்கும் நியாசின் என்ற பி3 வைட்டமினை, சுண்ணாம்பு விடுவித்துக் கொடுக்கிறது. கால்சியமும் கூடுகிறது.

கொலம்பஸுக்குப் பின் மக்காச்சோளம் கடல் கடந்து ஐரோப்பா போனது. விதை போனதே தவிர, சுண்ணாம்பில் வேகவைக்கும் வழக்கம் கூடப் போகவில்லை. விளைவு பயங்கரமானது. சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளுக்குத் தோல் வெடித்தது, வயிற்றுப்போக்கு வந்தது, புத்தி பேதலித்தது. 1735-ல் ஸ்பெயின் மருத்துவர் காஸ்பர் காசல் இந்நோயைப் பற்றிக் குறிப்பெழுதினார். ‘பெல்லக்ரா’ என்ற பெயர் இத்தாலியில் வந்தது. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஆயிரக்கணக்கானோர் இதற்குப் பலியானார்கள். இது தொற்றுநோய் அல்ல, உணவுக் குறைபாடு என்பதை டாக்டர் ஜோசப் கோல்ட்பெர்கர் நிரூபித்தார். அந்தக் குறைபாட்டுக்கு மருந்து நியாசின் என்று 1937-ல் கான்ராட் எல்வேஜெமின் ஆய்வு காட்டியது.

சோளம் பிறந்த மண்ணில், அதை மூன்று வேளையும் சாப்பிட்டவர்களை இந்த நோய் அந்த அளவுக்கு வாட்டவில்லை. வைட்டமின் என்ற சொல்லே இல்லாத காலத்தில், பாட்டி சொன்னபடி பானையில் சுண்ணாம்பு போட்ட பெண்கள்தான் அதற்குக் காரணம்.

வீட்டில் செய்வது எப்படி?

சோளம்: ஸ்வீட் கார்ன் கூடாது. நன்கு காய்ந்த மக்காச்சோளம் 1 கிலோவுக்கு, உணவுக்குப் பயன்படுத்தும் சுத்தமான சுண்ணாம்புத் தூள் சுமார் 10 கிராம், தண்ணீர் 3 லிட்டர். வெள்ளையடிக்கும் சுண்ணாம்பைத் தொடவே கூடாது. அலுமினியப் பாத்திரம் வேண்டாம், எவர்சில்வரே நல்லது. மிதமான தீயில் முக்கால் மணி நேரம் வேகவிட்டு, அப்படியே இரவு முழுக்க ஊறவிட வேண்டும். காலையில் தேய்த்தால் தோல் வழுக்கிக்கொண்டு வரும். மூன்று, நான்கு முறை அலசி, நைஸாக அரைக்க வேண்டும். அந்தக் காலத்தில் அம்மி போன்ற கல்லில் அரைத்தார்கள். இப்போது தெருமுனை மில்லுக்குப் போகிறது. கடையில் விற்கும் வெள்ளை கார்ன்ஃப்ளார் இதற்கு ஆகாது.

மாவு: அரைத்த மாவைத் தண்ணீரில் கூழாகக் கரைத்து, உப்பும் கொழுப்பும் சேர்த்து, அடிபிடிக்காமல் கிளற வேண்டும். அங்கே பன்றிக்கொழுப்பு ஊற்றுவார்கள். எண்ணெய் அல்லது வெண்ணெயும் சேர்க்கலாம். கரண்டியிலிருந்து மெதுவாக விழும் பதம் வந்ததும் இறக்கிவிடலாம்.

குழம்பு: தக்காளி, காரம் குறைந்த காய்ந்த மிளகாய், பூசணி விதை, எள், பட்டை ஆகியவற்றைத் தனித்தனியே வறுத்து, சேர்த்து அரைத்துக் கொதிக்கவிட வேண்டும். சிவப்பு நிறத்துக்கு அச்சியோட்டே என்ற விதையைச் சேர்ப்பார்கள்.

மடிப்பு: தணலில் வாட்டிய வாழையிலையில் ஒரு கரண்டி மாவு, நடுவில் குழம்பு, ஒரு துண்டு கோழி அல்லது பன்றிக்கறி, ஒரு கீற்று சிவப்புக் குடமிளகாய், ஓர் ஆலிவ் காய். சைவக்காரர்கள் கறிக்குப் பதில் காய்கறி வைக்கலாம். குழம்பு வெளியே கசியாமல் மடித்து நாரால் கட்டி, அடியில் இலை பரப்பிய பானையில் அடுக்கி, மூடி போட்டு ஒன்றிலிருந்து ஒன்றரை மணி நேரம் ஆவியில் வேகவைக்க வேண்டும். இட்லிப் பானையே போதும். இடையில் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இறக்கியதும் அவசரப்பட்டுப் பிரித்தால் மாவு உடையும். சற்று ஆறவிட்டால்தான் வடிவம் நிற்கும்.

தனி ஆளாகச் செய்ய முடியாது

டிசம்பர் 24 குவாத்தமாலா வீடுகளில் அடுப்பு அணையாத நாள். ஒருவர் இலை துடைப்பார், ஒருவர் மாவு கிளறுவார், குழந்தைகள் ஆலிவ் வைப்பார்கள், முடிச்சு போடுவது பெரியவர்கள் வேலை. நள்ளிரவில் பட்டாசு வெடித்ததும், சூடான பழ பானத்தோடு பொட்டலங்கள் பிரிபடும்.

இப்போது சுண்ணாம்பில் பதப்படுத்திய மாவே பாக்கெட்டில் வந்துவிட்டது. இரவு ஊறவைக்கும் வேலை பல வீடுகளில் இல்லை. அந்த பாக்கெட்டை நம்பிச் செய்வதில் தவறும் இல்லை. ஆனால் அந்தச் சுண்ணாம்பு எதற்கு என்ற கேள்விக்கான பதில் மட்டும் அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேர வேண்டும். அது போகாத ஊர்களில் என்ன நடந்தது என்பதை உலகம் ஒருமுறை பார்த்துவிட்டது.