மதில்மேல் ஈச்சங்கொட்டை

மீஞ்சூர், அனுப்பம்பட்டு, பொன்னேரி. சென்னை–கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயிலில் போய்வருகிறவர்களுக்கு இந்த வரிசை மனப்பாடம். வைகாசி, ஆனியில் இந்தப் பக்கத்து ஊர்களில், கிணற்றுச் சுவரிலோ கொல்லை மதிலிலோ காலையில் ஒரு சின்னக் குவியல் கிடக்கும். முகம் சுளிக்காமல் குச்சியால் கிளறிப் பாருங்கள். ஈச்சங்கொட்டைகள். சதையெல்லாம் போய், கழுவி உலர்த்தினாற்போல் இருபது முப்பது கொட்டை. நடுவே ஒரு வண்டின் ஓடு, நாலைந்து எலிமுடி. ராத்திரி ஓட்டின்மேல் தடதடவென்று ஓடி உங்கள் தூக்கத்தைக் கெடுத்த மரநாய் வைத்துப்போன சாப்பாட்டுக் கணக்கு அது.

மரநாய் நாயுமில்லை, பூனையுமில்லை; புனுகுப்பூனைக்குத் தாயாதி. எடை இரண்டிலிருந்து ஐந்து கிலோ. வால் கிட்டத்தட்ட உடம்பளவு நீளம். நடமாட்டமெல்லாம் இருட்டில்தான். 1777இல் இதற்கு அறிவியல் பெயர் வைத்த பல்லாஸ், 'ஹெர்மாஃப்ரோடிடஸ்', அதாவது ஆணும் பெண்ணும் சேர்ந்தது என்று எழுதிவிட்டார். ஆண், பெண் இரண்டுக்குமே வாலடியில் விதைப்பை மாதிரி புடைத்திருக்கும் வாசனைச் சுரப்பிகள் செய்த கோளாறு. பெயர் இன்றுவரை மாறவில்லை. அந்த வாசனை மட்டும் மோசமில்லை. சிங்கப்பூரில் கூரைக்குள் ரம்பை இலை மணம் வந்தால், மரநாய் குடிவந்துவிட்டது என்பார்கள்.

விலங்கியல் இதை ஊனுண்ணி வரிசையில் வைத்திருக்கிறது. அது பல்லையும் மண்டையோட்டையும் பார்த்துப் போட்ட வரிசை. எச்சத்தைப் பார்த்தால் அத்தி, நாவல், ஈச்சை, சப்போட்டா, பப்பாளி என்று பழக்கடை விரிகிறது. எலியும் பூச்சியும் தொட்டுக்கொள்ளத்தான். பனையேறிக் கள்ளும் குடிக்கும். ஆங்கிலத்தில் அதற்குக் கள்ளுப்பூனை என்றே ஒரு பெயர் உண்டு. தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை என்பதால், இங்கே அதற்குச் சுண்ணாம்பு தடவிய பதநீர்க் கலயம்தான் மிச்சம்.

தின்ற கொட்டையை அதன் குடல் உடைப்பதில்லை. தாய்மரத்தடியிலேயே போட்டுவிடாமல் கொஞ்ச தூரம் நடந்து, விழுந்த மரம், பாறை, மதில் என்று மேடான இடமாகத் தேடிப் போடும். மதிலில் விழுந்தது வீண். மண்ணுக்குப் போனது முளைக்கும். இந்தக் குணத்தைக் காசாக்கத்தான் இந்தோனேசியாவில் மரநாயைக் கூண்டில் அடைத்து, காப்பிப்பழமாகத் தின்னக்கொடுத்து, கழித்த கொட்டையைப் பொறுக்கி உலகச் சந்தையில் விற்கிறார்கள். பத்துப் பதினைந்து வகைப் பழம் தேடித் திரிகிற பிராணிக்கு ஒரே பழம்! அந்தக் காப்பி நமக்கு வேண்டாம்.

எச்சத்தைப் படிக்க ஆய்வாளர்களுக்கு ஒரு முறை இருக்கிறது. காயவைத்து, சல்லடையில் போட்டுத் தண்ணீரில் அலசுவார்கள். கரைவது கரைந்துபோக முடி, எலும்பு, பல், செதில், கொட்டை தங்கும். முடி லேசில் செரிக்காது. ஒரு முடியை நகப்பூச்சில் அழுத்தி எடுத்தால் அதன் மேல்தோலின் செதில் வரிசை அச்சாகப் பதியும். நடுத்தண்டு ஏணிப்படிபோல் இருக்கிறதா, வலைபோல் இருக்கிறதா என்று நுண்ணோக்கியில் பார்த்து, முயலா எலியா என்று சொல்லிவிடலாம். பிராணியைப் பிடிக்கவும் வேண்டாம், கொல்லவும் வேண்டாம்.   

ராஜஸ்தானின் சரிஸ்கா காட்டில் ஆய்வாளர் ஷோமிதா முகர்ஜியும் கூட்டாளிகளும் இப்படி அலசிப் பார்த்து 2004இல் எழுதினார்கள். அவர்கள் கணக்கில் ஒரு காட்டுப்பூனை நாளுக்கு 3 முதல் 5 எலி தின்கிறது. வருஷத்துக்கு ஆயிரத்தைத் தாண்டும். இதன் அருமை வயல்காட்டில் தெரியும். எலி வளையைத் தோண்டுகிற இருளர்கள், எலியோடு அது பதுக்கிய நெற்கதிரையும் அள்ளி எடுப்பார்கள். அறுவடைக்கு முன்பே களஞ்சியம் நிரப்புகிற அந்த எலியைத்தான் பூனை தின்கிறது. கோழி திருடுகிறது என்று கல்லெறிகிறவர்கள் கோழியைத்தான் எண்ணுகிறார்கள், எலியை எண்ணுவதில்லை.

அனுப்பம்பட்டிலிருந்து வடகிழக்கே போகப்போக மண்ணில் உப்பேறுகிறது. நெல் விலகி, பழவேற்காடு ஏரி தொடங்குகிறது. உவர்நீர் ஏரிகளில் சிலிகாவுக்கு அடுத்து நாட்டிலேயே பெரியது இதுதான். இங்கே நரிதான் எல்லாவற்றையும் தின்று பார்க்கிற பிராணி. எட்டு, பத்துக் கிலோ தேறும். நண்டு, வலையிலிருந்து கழித்துப் போட்ட மீன், எலி, இலந்தைப்பழம் எதையும் விடாது. தையிலிருந்து பங்குனி வரை கடலோரத்தில் பங்குனி ஆமை முட்டையிடும். ஒரு குழியில் ஏறத்தாழ நூறு முட்டை இருக்கும். மோப்பம் பிடித்துத் தோண்டினால் நரிக்கு அன்றைக்குக் கல்யாணச் சாப்பாடு. ஆமைக்காக ராத்திரி முழுக்கக் கடற்கரையில் நடக்கிறவர்களுக்கு நரிமேல் கோபம் வருவது நியாயம்தான். ஆனால் அதே நரிதான் விடிவதற்குள் உள்ளே திரும்பி வந்து வரப்போரத்தில் எலி பிடிக்கிறது.

வேலிக்காத்தான் நெற்றும் அதற்குப் பிடிக்கும். நெற்றுக்குள் இனிப்பு, விதையின் ஓடோ கல். குடலுக்குள் போய்வந்தால் ஓடு சற்று இளகி, முளைக்க இன்னும் தோதாகிறது. ஆடும் மாடும் இதே வேலையைச் செய்கின்றன என்பதால் இந்த முள்மரம் பரவுகிற பழியை நரிமேல் மட்டும் போட முடியாது. ஈச்சையை விதைக்கிற குடலுக்கும் வேலிக்காத்தானை விதைக்கிற குடலுக்கும் நல்ல மரம், கெட்ட மரம் தெரியாது. ஏரிக்கரை மேட்டில் அடர்ந்து கிடக்கும் அந்த முள்ளுக்குள், விறகு வெட்ட வருகிறவர்களின் கத்தி எட்டாத உட்பகுதியில், பகலெல்லாம் நரி படுத்துத் தூங்குகிறது.