பாண்டியன் கோபுரத்தைப் பார்த்தானா?

குற்றாலத்தில் சாரல் கட்டிவிட்டது என்று காதில் விழுந்தால் போதும். மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். அருவிக்குப் போகிற அவசரத்திலும் தென்காசி விசுவநாதர் கோயிலின் ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்க்காதவர் உண்டா? அந்தக் கோபுரத்தைத் தொடங்கிய அரிகேசரி பராக்கிரம பாண்டியன் அது நிறைவேறியதைக் கண்ணால் பார்த்தானா? இதற்கு விடை வேண்டுமானால், அவன் மறைந்த ஆண்டு தெரிந்தாக வேண்டும்.

நம் வீட்டில் தாத்தாவின் திதியைப் பஞ்சாங்கத்தில் பார்க்கிறோம். ராஜாக்களின் காலத்தை அறியவும் பஞ்சாங்கமே துணை! கல்வெட்டில் அரசனின் ஆட்சியாண்டோடு மாதம், திதி, கிழமை, நட்சத்திரம் எல்லாம் வெட்டியிருப்பார்கள். இவை அத்தனையும் ஒன்றுகூடும் நாள் அடிக்கடி வராது. ஜெர்மானிய அறிஞர் கீல்ஹார்ன் பாண்டியர் காலத்தை இவ்விதமே கணித்தார். பிறகு எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை 1922-ல் பல நூற்றாண்டுகளின் பஞ்சாங்கத்தையே அச்சில் கொண்டுவந்து, ஆராய்ச்சியாளரின் சிரமத்தைப் பெரிதும் குறைத்தார். சக ஆண்டு கிடைத்துவிட்டாலோ இன்னும் சுலபம். பெரும்பாலும் 78-ஐக் கூட்டினால் போதும். கோயில் திருப்பணி தொடங்கியது சகம் 1368, அதாவது 1446. கோபுர வேலை தொடங்கியது சகம் 1379, அதாவது 1457.

"தம்பி பட்டத்துக்கு வந்த வருஷந்தானே அண்ணன் மறைந்த வருஷம்?" என்று கேட்பீர்கள். பாண்டியர் விஷயத்தில் அந்தக் கணக்குச் செல்லாது. ஒரே சமயத்தில் இருவர் மூவர் அரசாள்வது அவர்கள் வழக்கம். பராக்கிரமனின் ஆட்சி 1422-ல் தொடங்குகிறது. தம்பி குலசேகரனின் ஆட்சியாண்டோ 1429 முதலே எண்ணப்படுகிறது. அதை நம்பினால், கோயில் தொடங்குவதற்குப் பதினேழு வருஷம் முன்பே அண்ணனுக்குத் திதி கொடுத்துவிடுவோம்!

ஆகவே ஒரு கல்லை மட்டும் நம்பாமல், பல கல்வெட்டுகளையும் ஒப்பிட்டுப் பார்த்து, சரித்திர ஆசிரியர்கள் அவன் மறைந்தது 1463 என்று குறித்திருக்கிறார்கள். கோபுரம் தொடங்கி ஆறே வருஷம். வேலை முடியவில்லை. முடித்து வைத்தவன் தம்பி குலசேகரன். பாவம், பராக்கிரமன் அதைப் பார்க்கவில்லை.

அவன் மறைந்தபோது பாடிய பாட்டொன்றும் கல்லில் இருக்கிறது. கயிலைக்குப் போனானோ, தில்லை அம்பலத்துக்குப் போனானோ, விசுவநாதனின் பாதத்திலேயே கலந்தானோ என்று புலவர் உருகுகிறார். அதைவிட நெஞ்சைத் தொடுவது மன்னனே விடுத்த வேண்டுகோள். இந்த ஆலயத்துக்குப் பின்னாளில் குறை ஏதும் நேர்ந்தால், வந்து அதைத் தீர்த்து வைப்பவர்களை உலகறியப் பணிகிறேன் என்கிறான், முடிசூடிய பாண்டியன்!

குறை நேரத்தான் செய்தது. கோபுரம் சிதைந்து நெடுங்காலம் அப்படியே நின்றது. மறுபடி ஒன்பது நிலையாக எழும்பி, 1990-ல் குடமுழுக்குக் கண்டது. அதற்குக் கல் சுமந்தவர்களையும் காசு கொடுத்தவர்களையும் ஐந்நூறு வருஷத்துக்கு முன்பே ஒரு ராஜா கும்பிட்டுவிட்டுப் போயிருக்கிறான்.