இருட்டில் வீடு கட்டும் பவளம்!

தாம்பரத்தில் இருந்து வேளச்சேரிக்குப் பஸ்சில் போகிறவர்கள், பள்ளிக்கரணை அருகே நாராயணபுரத்தில் ஒரு பெரிய வாசலைப் பார்த்து இருப்பார்கள். அங்கு இருந்து பார்த்தால் கடல் கண்ணில் படாது. ஆனால் உள்ளே நடப்பது எல்லாம் கடல் சமாசாரம்தான்!

அதுதான் தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம். 1993-ம் ஆண்டில் தொடங்கப்பட்டது. 3 பேரை ஏற்றிக்கொண்டு 6 ஆயிரம் மீட்டர் ஆழத்துக்குப் போகும் "மத்ஸ்யா 6000" என்ற நீர்மூழ்கியை இங்கு உள்ள என்ஜினீயர்கள் உருவாக்கி வருகிறார்கள்.

6 ஆயிரம் மீட்டர் என்றால் எவ்வளவு? தாம்பரம் ஸ்டேஷனில் இருந்து பல்லாவரம் ஸ்டேஷன் வரை உள்ள தூரத்தை அப்படியே செங்குத்தாக நிறுத்திப் பாருங்கள். ஏறக்குறைய அவ்வளவு ஆழம்! ஆட்கள் உட்காரும் இடம் டைட்டானியம் உலோகத்தால் ஆன ஓர் உருண்டை. அதன் உள் அகலம் சுமார் 2 மீட்டர்தான். மூன்று பேரும் அதற்குள் முடங்கிக்கொள்ள வேண்டும்.

2025-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம், இதற்குப் பயிற்சியாக, இந்தியர்கள் இருவர் பிரான்சு நாட்டு நீர்மூழ்கியில் அட்லாண்டிக் கடலுக்குள் இறங்கினார்கள். ஒருவர் 4 ஆயிரத்து 25 மீட்டர் ஆழத்துக்குப் போனார். மற்றவர் 5 ஆயிரத்து 2 மீட்டரைத் தொட்டுவிட்டு வந்தார்.

அவ்வளவு ஆழத்தில் என்ன இருக்கிறது? இருட்டும் குளிரும்தானா? இல்லை, பவளமும் இருக்கிறது!

செடி அல்ல, பிராணி!

பவளம் என்றதும் பெண்கள் கழுத்தில் அணியும் சிவப்பு மணிதான் நினைவுக்கு வரும். பார்வைக்குச் செடி மாதிரி இருந்தாலும் பவளம் ஒரு பிராணி. விரல் நுனி அளவே உள்ள சின்னஞ்சிறு உயிர்கள் கூட்டமாகச் சேர்ந்து, கடல் நீரில் இருந்து சுண்ணாம்பைப் பிரித்து எடுத்து வீடு கட்டிக்கொள்கின்றன. தாத்தா கட்டிய வீட்டின் மேல் பேரன் மாடி கட்டுவது போல, பழைய கூட்டின் மேல் புதிய கூடு எழும்புகிறது.

ராமேசுவரம், தூத்துக்குடிப் பக்கம் உள்ள பவளங்கள் ஆழம் குறைந்த கடலில் வாழ்கின்றன. அவற்றின் உடலுக்குள் நுண்ணிய பாசி குடியிருக்கிறது. அது வெயிலைக் கொண்டு உணவு சமைத்துப் பவளத்துக்குக் கொடுக்கிறது. வெப்பம் மிஞ்சினால் பாசி வெளியேறிவிடும். பவளம் வெளுத்துப் போகும். 2010-லும் 2016-லும் மன்னார் வளைகுடாவில் இந்தத் துயரம் நேர்ந்தது.

ஆழ்கடல் பவளத்துக்கு அந்தச் சமையல்காரனே கிடையாது! அங்கே வெயில் எட்டாது. நீரோட்டத்தில் மிதந்து வரும் துணுக்குகளையும் பூச்சி போன்ற சிற்றுயிர்களையும் கைநீட்டிப் பிடித்துத் தின்கிறது. நம் கடலிலும் இது உண்டு. 1898-ம் ஆண்டிலேயே ஆல்காக் என்ற அறிஞர், "இன்வெஸ்டிகேட்டர்" என்ற கப்பல் இந்தியக் கடல்களின் ஆழத்தில் இருந்து வாரி வந்த பவளங்களைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். ஆனால் அவர் ஆராய்ந்தது செத்த பவளத்தை. உயிரோடு வளர்த்துப் பார்த்தது வெகு காலத்துக்குப் பிறகுதான்.

தொட்டியில் எப்படி வளர்க்கிறார்கள்?

ஆழத்தில் இருந்து மேலே கொண்டு வந்தால் பவளம் வெடித்துச் சாகாதா? சில மீன்களுக்கு வயிற்றில் காற்றுப்பை உண்டு. அவற்றை வேகமாக மேலே இழுத்தால் அந்தப் பை ஊதி மீன் செத்துவிடும். பவளத்துக்குக் காற்றுப்பை இல்லை. அதனால் பிழைத்துக்கொள்கிறது.

லோபீலியா என்ற வெள்ளைப் பவளத்தைத்தான் அதிகமாக வளர்க்கிறார்கள். நார்வே நாட்டுக் கடலில் 2002-ம் ஆண்டு கண்டுபிடிக்கப்பட்ட இதன் திட்டு சுமார் 40 கிலோமீட்டர் நீளம்! சுவீடனிலும் ஸ்காட்லாந்திலும் ஆராய்ச்சித் தொட்டிகள் இருக்கின்றன. அறை இருட்டாக இருக்க வேண்டும். தண்ணீர் குளிர்ப்பெட்டித் தண்ணீர் போலச் சில்லென்று இருக்க வேண்டும். அது ஓடிக்கொண்டும் இருக்க வேண்டும். சாப்பாட்டுக்குப் பொரித்த குஞ்சு இறால் (எண்ணெயில் அல்ல, முட்டையில் இருந்து அப்போதுதான் பொரித்தது!).

ஆண்டுக்கு ஓர் அங்குலம் வளர்ந்தாலே பெரிய காரியம். அந்த வளர்ச்சியை எப்படி அளப்பது? பவளத் துண்டைத் தராசில் இருந்து நூலால் கட்டி, தண்ணீருக்குள் தொங்கவிட்டே எடை போடுகிறார்கள். வெளியே எடுத்தால் அதற்கு ஆகாதே!

கரியமில வாயுச் சோதனை

முட்டை ஓட்டில் எலுமிச்சைச் சாறு ஊற்றினால் நுரைத்துக் கரையும். முட்டை ஓடும் சுண்ணாம்பு, பவளமும் சுண்ணாம்பு. ஆலைப் புகையிலும் மோட்டார் புகையிலும் வரும் கரியமில வாயுவில் ஒரு பகுதி கடலில் கரைகிறது. அதனால் கடல் நீர் எலுமிச்சைச் சாறு ஆகிவிடாது. ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பக்கம் நகர்கிறது.

ஜெர்மனி விஞ்ஞானிகள் பார்ம், ரீபெசல் இருவரும் தொட்டி நீரில் இந்த வாயுவைக் கூடுதலாகச் செலுத்தினார்கள். ஒரு வாரத்தில் பவளத்தின் வளர்ச்சி கால் பங்குக்கு மேல் குறைந்தது. அதோடு சோதனையை நிறுத்தி இருந்தால், "பவளத்தின் கதை முடிந்தது" என்று எழுதி இருப்பார்கள். அவர்கள் நிறுத்தவில்லை. ஆறு மாதம் காத்திருந்தார்கள். என்ன ஆச்சரியம்! பவளம் பழகிக்கொண்டு மறுபடி வளர்ந்தது. 2012-ம் ஆண்டு இது வெளியாயிற்று.

ஆனால் சந்தோஷம் நீடிக்கவில்லை. ஸ்காட்லாந்தில் ஹெனிஜ் என்பவரும் தோழர்களும் ஓர் ஆண்டு முழுவதும் வளர்த்துப் பார்த்தார்கள். 2015-ல் முடிவைச் சொன்னார்கள். உயிருள்ள பவளம் வளர்கிறது. ஆனால் நீண்டு, மெலிந்து வளர்கிறது. அடியில் இருக்கும் செத்த கூடுதான் இன்னும் மோசம். அதை மூடிக் காக்கச் சதை கிடையாது. அது 20 முதல் 30 சதவீதம் வரை பலம் குறைந்து போயிற்று. மாடி எழும்புகிறது, அஸ்திவாரம் கரைகிறது! அந்தத் திட்டை நம்பி வாழும் மீன்களின் கதி என்ன?

ஆசைக்கு வளர்க்கலாமா?

வீட்டில் வண்ண மீன் வளர்க்கிறவர்கள், "நாமும் ஒரு துண்டு பவளம் வாங்கி வைக்கலாமே" என்று நினைக்கக் கூடாது. 2001-ம் ஆண்டு முதல் கல் பவளங்கள் அனைத்துக்கும் வனவிலங்குச் சட்டம் புலிக்குக் கொடுக்கும் பாதுகாப்பைக் கொடுத்து இருக்கிறது. ஒரு காலத்தில் மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளப் பாறைகளை வண்டி வண்டியாக வெட்டி எடுத்தார்கள். அந்த இடங்களில் சிலவற்றில், தூத்துக்குடி விஞ்ஞானிகள் 2002-ம் ஆண்டு முதல் சிமெண்டுச் சட்டங்களில் பவளத் துண்டுகளைக் கட்டிக் கடலுக்குள் நட்டு வளர்க்கிறார்கள்.

பள்ளிக்கரணைக்கு இதில் என்ன வேலை?

இந்துமகா சமுத்திரத்தின் நடுவே, உலோகக் கட்டிகள் கிடக்கும் 75 ஆயிரம் சதுர கிலோமீட்டர் இடத்தை ஆராய இந்தியாவுக்கு உரிமை இருக்கிறது. உருளைக்கிழங்கு மாதிரி இருக்கும் அந்தக் கட்டிகளில் நிக்கலும் தாமிரமும் கோபால்ட்டும் உண்டு. அவற்றை அள்ளுவதற்காகப் பள்ளிக்கரணைக் கழகம் உருவாக்கிய "வராகா" என்ற எந்திரம், 2021-ம் ஆண்டு 5 ஆயிரத்து 270 மீட்டர் ஆழத்தில் தரையில் ஊர்ந்து காட்டியது.

ஆனால் சேறு நிறைந்த அந்தத் தரையில் கெட்டியான பொருள் இந்தக் கட்டிகள்தான். காலூன்ற வேறு இடம் இல்லாத உயிர்கள் இவற்றைத்தான் பற்றிக்கொண்டு வாழ்கின்றன. ஒரு கட்டி சில மில்லிமீட்டர் பருக்கப் பத்து லட்சம் ஆண்டு ஆகும்!

2021-ல் மத்திய அரசு அனுமதித்த ஆழ்கடல் திட்டத்தில், கட்டிகளை எடுக்கும் வேலையும் இருக்கிறது. அங்கு உள்ள உயிர்களை ஆராயும் வேலையும் இருக்கிறது. எது முன்னால் முடியப் போகிறது என்பதுதான் கேள்வி.