வீட்டுக்குப் பின்னாடி குளம் கட்டுதா? கடப்பாரையை எடுப்பதற்கு முன் இதைப் பாருங்க

சென்னையில் ஐப்பசி பிறந்துவிட்டால் சில வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. ராத்திரி மழைச் சத்தம் கேட்டதும் யாராவது ஒருத்தர் எழுந்து, பின்பக்கக் கதவைத் திறந்து, மொபைல் டார்ச் அடித்துப் பார்ப்பார். துணி துவைக்கிற கல் தெரிகிறதா? தெரிந்தால் திரும்பப் போய்த் தூங்கலாம். தெரியாவிட்டால் ஃபிரிட்ஜுக்கு அடியில் செங்கல் வைக்கிற வேலை ஆரம்பம்.

வேளச்சேரி, முடிச்சூர், பள்ளிக்கரணை பக்கம் தனி வீட்டில் இருப்பவர்களுக்கு இது புதுசு இல்லை. ஏரி உடைந்தோ ஆறு பெருகியோ தெருவே மூழ்கினால், வீட்டு ஓனர் தனியாக ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் தெரு காய்ந்து கிடக்கும்போதும் கொல்லையில் மட்டும் 3 நாள் தண்ணி நின்றால் அது வேறு கதை. அதற்கு மண்வெட்டியும், கொஞ்சம் ஜல்லியும், ஒரு வார இறுதியும் போதும்.

எவ்வளவு தண்ணி வருது?

கணக்கு ரொம்ப சிம்பிள். ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். 1,000 சதுர அடி மொட்டை மாடி என்றால் சுமார் 93 சதுர மீட்டர். ஒரே நாளில் 10 செ.மீ. மழை பெய்தால், மாடியில் இருந்து மட்டும் ஏறக்குறைய 9,300 லிட்டர் இறங்குகிறது. 9,000 லிட்டர் தண்ணி லாரி ஒன்றைப் பின்பக்கம் கொண்டுவந்து கவிழ்த்தது மாதிரி!

2015 டிசம்பரில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. பதிவானது. அதே மாடிக்கு 45,000 லிட்டருக்கும் மேல். அதைத் தாங்கும் குழியை எந்த வீட்டிலும் தோண்ட முடியாது. அதனால் இங்கே சொல்லப்படுவது எல்லாமே வழக்கமான பருவமழைக்குத்தான்.

முதல் வேலை: வீடியோ எடுங்க

பெரும்பாலானோர் செய்யும் தப்பு, தண்ணி தேங்கும் இடத்தில் நேராகக் குழி தோண்டுவது. தேங்குகிற இடம் வேறு, வருகிற இடம் வேறு. நல்ல மழை நேரத்தில் குடையோடு வெளியே போய், போனில் 10 நிமிடம் வீடியோ எடுத்தால் பாதிப் பிரச்சினை புரிந்துவிடும்.

மாடியில் இருந்து இறங்கும் பைப் சுவரோரமாகவே கொட்டுகிறதா? பக்கத்து மனையில் மண் கொட்டி உயர்த்தியதால் அங்கிருந்து வழிகிறதா? இல்லை, தெருவில் இருந்து உள்ளே வருகிறதா? கடைசிக் கேள்வி சென்னைக்காரர்களுக்கு நன்றாகவே தெரிந்த வயிற்றெரிச்சல். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது ரோடு போட்டுப் போட்டு, வீடுகள் எல்லாம் பள்ளத்துக்குப் போய்விட்டன. பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே ரோடு போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு அறிவுறுத்தினார். அதற்கு முன்பே பள்ளமான வீடுகளை அது மேலே தூக்கிவிடாது.

மழை விட்டு வெயில் அடித்த பிறகும் மண்ணுக்கு அடியில் இருந்து ஊறி வந்தால், நிலத்தடி நீர்மட்டம் மேலே வந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த இடத்தில் உறிஞ்சு குழி தோண்டுவது பக்கெட்டை ஏரிக்குள் இறக்குவது மாதிரி.

காசில்லாத தீர்வுகள்தான் முதலில்

தமிழ்நாட்டில் 2003-லேயே எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாகிவிட்டது. அதனால் பல வீடுகளில் குழி ஏற்கெனவே இருக்கும். மூடியைத் திறந்து பார்த்தால் வண்டலும், காய்ந்த இலையும், ஒரு ஷட்டில்காக்கும் கிடக்கும். ஜல்லியை வெளியே எடுத்து அலசி, அடியில் படிந்த சேற்றை அள்ளிவிட்டுத் திரும்பப் போடுங்கள். புதுக் குழிக்குச் செலவு செய்யும் முன் இதைச் செய்யாதவர்கள் காசை வீணாக்குகிறார்கள்.

அடுத்தது கொத்தனார்கள் சொல்லும் ‘வாட்டம்’. சுவரில் இருந்து முதல் 10 அடிக்குள் தரை 6 அங்குலமாவது இறங்க வேண்டும். சுவரோரம் மண்ணை ஏற்றித் திமிசு போட்டாலே, அஸ்திவாரத்தை ஒட்டித் தண்ணி நிற்பது குறையும். 10 அடி இடம் இல்லாத வீடுகளில் இருக்கிற இடத்துக்குள் முடிந்த அளவு வாட்டம் கொடுக்கலாம்.

குழியா, தோட்டமா?

இங்கேதான் கணக்கு ஆச்சரியப்படுத்துகிறது. 3 அடி நீளம், 3 அடி அகலம், 5 அடி ஆழத்தில் குழி எடுத்து ஜல்லி நிரப்பினால், ஜல்லிக்கு இடையே இருக்கும் இடைவெளியில் நிற்பது சுமார் 500 லிட்டர்தான். அதுவே 10-க்கு 10 அடி இடத்தை வெறும் 6 அங்குலம் பள்ளமாக்கிச் செடி வைத்தால் 1,400 லிட்டர் நிற்கும். இதற்குப் பெயர் மழைத்தோட்டம். சென்னை மாநகராட்சி பூங்காக்களில் அமைக்கும் ‘ஸ்பாஞ்ச் பார்க்’ குளங்களின் குட்டித் தம்பி என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் மண் ஒத்துழைக்க வேண்டும். ஒரு அடி ஆழம் தோண்டித் தண்ணி ஊற்றுங்கள். அது வடிந்ததும் மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். அரை அங்குலமாவது இறங்கினால் தோட்டம் போடலாம். 6 அங்குலத் தண்ணி 12 மணி நேரத்தில் வடிந்துவிடும். பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரி கடலோர மணலில் இது பிரச்சினையே இல்லை. பள்ளிக்கரணைக் களிமண்ணில் சந்தேகம்தான்.

2 நாளுக்கு மேல் தண்ணி நின்றால் அது தோட்டம் இல்லை, கொசுப் பண்ணை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, முட்டையில் இருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரம், 10 நாள் போதும்.

நடுவில் கல்வாழை, சேப்பங்கிழங்கு. ஓரத்தில் வெட்டிவேர், அதன் வேர் ஆழமாக இறங்கி மண்ணைப் பிடித்துக்கொள்ளும். வாழை வைத்தால் பழமும் கிடைக்கும், இலையும் கிடைக்கும்.

களிமண்ணா? அப்போ பைப்தான்

மண் குடிக்காவிட்டால் தண்ணியை நகர்த்த வேண்டும். அதற்குத்தான் ‘ஃபிரெஞ்ச் டிரெய்ன்’. பெயரைப் பார்த்து பிரான்ஸ் என்று நினைக்க வேண்டாம். 1859-ல் பண்ணை வடிகால் பற்றிப் புத்தகம் எழுதிய ஹென்றி ஃபிரெஞ்ச் என்ற அமெரிக்கரின் பெயர் அது.

ஒன்றரை அடி ஆழத்தில் வாய்க்கால் எடுத்து, ஜியோ டெக்ஸ்டைல் துணி விரித்து, 2 அங்குலம் ஜல்லி போட வேண்டும். மேலே ஓட்டை போட்ட 4 அங்குல பிவிசி பைப். ஓட்டைகள் கீழ்ப்பக்கம் பார்க்கணும். நிறையப் பேர் மேலே பார்த்தபடி வைத்துவிட்டு, தண்ணி போகலையே என்று புலம்புகிறார்கள். பிறகு பைப் மூடும்வரை ஜல்லி, துணியை மடித்து மூடி, மேலே மண். 10 அடிக்கு ஒன்றேகால் அங்குலம் வாட்டம் போதும். டியூபில் தண்ணி நிரப்பி மட்டம் பார்த்தால் துல்லியமாக வரும்.

பைப்பின் மறுமுனை எங்கே என்பதுதான் சண்டைக்கான இடம். பக்கத்து வீட்டுப் பக்கம் திருப்பினால் உங்கள் பிரச்சினை அவர்கள் பிரச்சினை ஆகும். கழிவுநீர் மேன்ஹோலில் விடவே கூடாது. மழைத் தண்ணியால் அது நிரம்பினால், தெருவில் பள்ளமான வீட்டு பாத்ரூம் வழியாகத்தான் திரும்பி வரும். மழைநீர் வடிகால், இல்லையென்றால் தோட்டத்தின் தாழ்ந்த மூலை, இவைதான் வழி. ரோடே கொல்லையைவிட உயரம் என்றால், சின்னத் தொட்டி கட்டித் தானாக ஓடும் ஃப்ளோட் சுவிட்ச் மோட்டார் வைக்க வேண்டும். அந்த லைனுக்கு ஆர்சிசிபி இல்லாமல் மோட்டார் போடாதீர்கள். ஈரத்தில் ஷாக் அடித்தால் அதுதான் கரன்டைத் துண்டிக்கும். அஸ்திவாரம், சம்ப், செப்டிக் டேங்க் மூன்றில் இருந்தும் குழியைத் தள்ளியே வையுங்கள்.

வாடகை வீடா?

வாடகைக்கு இருப்பவர்கள் பைப் புதைக்க ஓனர் சம்மதம் வேண்டும். ஆனால் மாடிப் பைப்பின் முனையில் ஒரு எல்போவும் 6 அடி பைப்பும் சேர்த்து, தண்ணியைச் சுவரில் இருந்து தள்ளிக் கொட்ட வைக்கலாம். காலி செய்யும்போது கழற்றிக்கொண்டும் போகலாம். மற்றதற்கு, மழையில் எடுத்த அந்த 10 நிமிட வீடியோவை ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். வேலையை ஆவணி, புரட்டாசியில் முடிக்கப் பாருங்கள். ஐப்பசியில் கொத்தனார் போன் எடுக்க மாட்டார்.